ரோடு எந்தப் பக்கம்

சுபத்ரா நிமிர்ந்து பார்த்தபோது கார் ஆரணியைத் தாண்டியிருந்தது. மடியில் கிடந்த தாள்களைத் திருத்திக்கொண்டே வந்தவள், ஊர் வந்தால் தானாகவே தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தாள். முன்பெல்லாம் ஊருக்கு முன்னால் ஊரின் வாசனை வந்துவிடும். அவித்த நெல்லின் வாசனை. அதன் பிறகு ரைஸ்மில் வாசல்களில் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் மூட்டை லாரிகள், அவற்றைச் சுற்றிக்கொண்டு போகும் பஸ்கள், ஜன்னல் வழியாகக் கை நீட்டித் திட்டும் டிரைவர்கள். இப்போது இரண்டு பக்கமும் கரும்பு, அதை விட்டால் பிளாட் போட்டு நட்ட மஞ்சள் கற்கள். போளூருக்கு எவ்வளவு தூரம் என்று சொல்லும் பச்சைப் பலகை தலைக்கு மேலே போயிற்று.

"ஆரணி போயிடுச்சா?"

"அது எப்பவோ போயிடுச்சு மேடம். நீங்க ஒண்ணும் சொல்லல, நான் பாட்டுக்கு வந்துட்டேன்," என்றார் டிரைவர்.

வண்டியைத் திருப்பச் சொன்னாள். இந்தப் புறவழிச்சாலையைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையைப் பல கல்லூரிகளில் மாணவர்கள் படிக்கிறார்கள். சாலை வந்ததால் பயணிகளுக்கு மிச்சமான நேரம், லாரிகளுக்கு மிச்சமான டீசல், ஊரைச் சுற்றி ஏறிய நில விலை, புதிதாக முளைத்த கிடங்குகள் என்று எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு இருந்தது. ஆனால் அந்தச் சாலையில் அவள் பயணம் செய்வது இதுதான் முதல் தடவை. ஓர் ஊரைத் தொடாமலே கடந்துவிடலாம் என்று எழுதியபோது அது நல்ல செய்தியாக இருந்தது.

சுபத்ரா சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பொருளாதாரப் பேராசிரியர். சாலையும் பஸ்ஸும் ஒரு சின்ன நகரத்தை எப்படி வளர்க்கின்றன, அதில் யாரை வளர்க்கின்றன என்பதுதான் அவளுடைய ஆயுட்கால வேலை. ஆரணியைத் தேர்ந்தெடுத்தவர் அவளுடைய பேராசிரியர் சக்கரவர்த்தி. ஊர்ப்பெயரைச் சொல்லும் ரயில் ஸ்டேஷன்கூட வேறோர் ஊரில் இருக்க, பட்டுச்சேலைக் கட்டுகளும் அரிசி மூட்டைகளும் முழுக்க ரோட்டை நம்பியே வெளியே போய்க்கொண்டிருந்த ஊர் என்பதால் அவருக்கு இதன்மேல் ஆசை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை அதே கடைகள், அதே குடும்பங்கள், அதே கேள்விகள். இடையில் நடந்ததைப் பார்த்தால் வளர்ச்சி என்றால் என்னவென்று தெரியும் என்பார். ஒரே ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். நாம் பார்க்க வந்தவர்கள், கை வைக்கக் கூடாது. கை வைத்தால் பார்த்தது பொய்யாகிவிடும்.

முதல் சுற்றில் அவள் ஆராய்ச்சி மாணவி. இரண்டாம் சுற்றை அவளே நடத்தினாள். மூன்றாவதுக்கு மாணவர்களை அனுப்பிவிட்டு டெல்லியில் ஏதோ கமிட்டியில் இருந்தாள். இது நான்காவது. சில மாதங்களில் ஓய்வு பெறப் போகிறாள். இந்த முறையும் அவள் வரவேண்டிய அவசியம் இல்லை. மாணவர்கள் போன வாரமே வந்து எல்லா வீடுகளையும் முடித்துவிட்டார்கள். ஆனாலும் காலையில் எழுந்ததும் காருக்குச் சொல்லிவிட்டாள். ஒரு குடும்பத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் தெரிந்தது. பார்த்து என்ன பேசுவது என்பதைக் காரில் யோசிக்கலாம் என்று கிளம்பி, அதை யோசிக்காமல் இருப்பதற்காகவே தாள்களைத் திருத்திக்கொண்டு வந்தாள்.

யோவானும் ரோசம்மாளும் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டிபன் கடை வைத்திருந்தார்கள். முதல் சுற்றில் சுபத்ரா அங்கே போனபோது அவர்களுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான். யோவான் லாரியில் கிளீனராக ஊர் ஊராகச் சுற்றியவன். ரோசம்மாள் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். லாரிக்காரர்களுக்கு எங்கே எந்த நேரத்தில் பசிக்கும் என்று அவனுக்குத் தெரியும், அவளுக்குச் சமைக்கத் தெரியும், அவ்வளவுதான் முதலீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இரண்டு பெஞ்சு. காலையில் இட்லி, மத்தியானம் குஸ்கா. சுபத்ரா கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் யோவான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து யோசித்துப் பதில் சொல்வான். தன் கடையைப் பற்றி மெட்ராஸில் புத்தகம் எழுதுகிறார்கள் என்பதில் அவனுக்கு அப்படியொரு பெருமை. சாப்பிட வருகிற டிரைவர்களிடமெல்லாம் சொல்வான்.

அடுத்த முறை அவள் போனபோது கடையில் பெஞ்சு கூடியிருந்தது. யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் குழந்தை மூலையில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தது. அதுதான் வனிதா. சுபத்ராவுக்கு இலை போட்டு நாலு இட்லி வைத்தார்கள். எதிரே உட்கார்ந்த யோவானின் முகத்தில் புதிதாக ஏதோ இருந்தது.

"ஆற்காடு ரோட்ல ஒரு எடம் வருதுங்க மேடம். மில்லுக்கு எதிர்க்க. கீழ ஓட்டலு, மேல நாலு ரூமு. லாரிக்காரங்க குளிச்சிட்டு, படுத்து எழுந்து போவலாம். இந்த ஊர்ல அது ஒண்ணுதான் இல்ல," என்றான்.

அதற்காக மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால் ரோசம்மாளின் அப்பா விட்டுப்போன மனையை விற்க வேண்டும். ரோசம்மாளுக்கு அதில் மனமில்லை என்பது அவள் காபி டம்ளரை வைத்த விதத்திலேயே தெரிந்தது. டம்ளரை வைத்தவள் போகாமல் அங்கேயே நின்றாள்.

"பெரிய ரோடு போடப் போறாங்கன்னு பேசிக்கறாங்க மேடம்," என்றான் யோவான். "இதே ரோட்ட அகலமாக்குறாங்களா, இல்ல ஊருக்கு வெளிய சுத்திகினு போவுதா, ஒருத்தருக்கும் தெரியல. நீங்க பெரிய ஆபீசுக்கெல்லாம் போய் வர்றவங்க. ரோடு எந்தப் பக்கம் வருதுங்க?"

சுபத்ராவுக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் சென்னையில் ஒரு பொறியாளர் தன் மேஜைமேல் வரைபடத்தை விரித்துக் காட்டியிருந்தார். அறிவிப்பு வரும்வரை வெளியே பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். சிவப்புக் கோடு ஆற்காடு ரோட்டை ஊருக்கு வெகு தூரத்திலேயே விட்டுப் பிரிந்து, வயல்களின் வழியே கிழக்கே வளைந்து போயிற்று. யோவான் சொல்லும் மில்லுக்கு முன்னால் இனி உள்ளூர் வண்டிகள்தான் போகும்.

சொல்லக் கூடாது என்பதற்கு அவளிடம் இரண்டு காரணங்கள் இருந்தன. பொறியாளருக்குக் கொடுத்த வாக்கு ஒன்று, பேராசிரியரின் கண்டிப்பு இன்னொன்று. இரண்டும் நியாயமான காரணங்கள். பல வருஷம் அவற்றையே அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மூன்றாவதாக ஒன்று இருந்ததை வெகு காலம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டாள். யோவான் அந்த இடத்தைச் சொன்ன அந்த நொடியில் அவளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எழுந்தது. சாலை விலகிப் போவதற்கு முன்னால் முதல் போட்டு, சாலை விலகிய பிறகு தவிக்கப் போகும் ஒரு குடும்பம், முன்னும் பின்னும் விவரங்களோடு, அவளுடைய பட்டியலிலேயே. எத்தனையோ நாட்டு ஆய்வாளர்கள் தேடியும் கிடைக்காதது. அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் ஒரு நொடிதான். ஆனால் இருந்தது.

அவள் சிரித்தாள். காபியை எடுத்துக் குடித்தாள். "காபி நல்லா இருக்கு ரோசம்மா," என்றாள். பிறகு தாளைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கேட்டாள். சாப்பிட வருகிறவர்களில் லாரிக்காரர்கள் எவ்வளவு, உள்ளூர்க்காரர்கள் எவ்வளவு என்பது அந்தக் கேள்வி. யோவான் யோசித்துப் பதில் சொன்னான்.

பிறகு நடந்ததெல்லாம் அவளுக்கு எண்களாகவே வந்து சேர்ந்தது. மூன்றாம் சுற்றில் போன மாணவி சுகன்யா கொண்டுவந்த விவரங்களில் அந்தக் குடும்பம் அட்டவணையில் ஒரு வரிசையாக இருந்தது. ஓட்டல் கட்டினார்கள். புறவழிச்சாலை வந்தது. ஓட்டல் மூடப்பட்டது. கணவர் தூரத்து லாரிகளில் டிரைவர், மனைவி செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் கேன்டீனில் வேலை, மகளும் அதே கம்பெனியில். மூன்று பேர் சம்பளத்தையும் கூட்டினால் கடை வைத்திருந்த காலத்தைவிட வருமானம் அதிகம். இந்த மாதிரி வரிசைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான், பழைய சாலையோரக் கடைக்காரர்கள் சில ஆண்டுகளுக்குள் மாற்றுத் தொழிலுக்குத் தங்களைத் தகவமைத்துக்கொள்கிறார்கள் என்று சுபத்ரா எழுதினாள். எண்களில் தப்பில்லை. இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் அதே விடைதான் வரும்.

சுகன்யா இன்னொன்றும் சொன்னாள். "யோவான்னு ஒருத்தர் உங்களைக் கேட்டார் மேம். நீங்க வரலையான்னு ரெண்டு மூணு தடவை கேட்டார். உங்ககிட்ட ஏதோ பேசணுமாம்." அடுத்த முறை போகும்போது பார்க்கிறேன் என்று சுபத்ரா சொன்னாள். போன வாரம் வந்த விவரங்களில் அந்தக் குடும்பத்தின் தலைவர் என்ற இடத்தில் வனிதாவின் பெயர் இருந்தது. யோவானின் பெயர் எங்கும் இல்லை.

கார் பழைய ஆற்காடு ரோட்டுக்கு வந்தது. முன்பிருந்த அதே ரோடுதான், இப்போது அகலமாகத் தெரிந்தது. ஒரு பெண்மணி நடு ரோடு வரைக்கும் நெல்லைக் காயப்போட்டுக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள். மில்லுக்கு எதிரே அந்தக் கட்டடம் இருந்தது. கீழே வாடகைக்கு விடும் கல்யாணப் பந்தல் சாமான்கள், பிளாஸ்டிக் நாற்காலிகளின் அடுக்குகள். மேலே நான்கு அறைகளுக்கும் சுவர் எழுந்திருந்தது, ஒன்றுக்கும் ஜன்னல் வைக்கவில்லை. நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் யோவான் வீட்டைக் கேட்டாள். அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். "டிரைவர் யோவானா? அவரு இல்லீங்களே. அவங்க சம்சாரம் சர்ச்சுக்குப் பின்னால, பொண்ணு வூட்ல இருக்கறாங்க," என்று வழி சொன்னார்.

சந்துக்குள் கார் போகாது. இறங்கி நடந்தாள். இரண்டு பக்கமும் வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம். கடைசி வீட்டு வாசலில் ரோசம்மாள் முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. சுபத்ராவைப் பார்த்ததும் உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. எழப் பார்த்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

"வாங்க மேடம். உங்க புள்ளைங்க போன வாரமே வந்து எல்லாம் கேட்டுகினு போச்சிங்களே. எதுனா விட்டுப்போச்சா?"

"ஒண்ணும் விட்டுப்போகல. உங்களைப் பாக்கத்தான் வந்தேன், ரோசம்மா."

ரோசம்மாள் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். சுபத்ரா நாற்காலியில் உட்காராமல் படியிலேயே உட்கார்ந்தாள். உள்ளே சுவரில் யோவானின் படம் இருந்தது. காக்கிச் சட்டையில் எடுத்தது. அதற்குக் கீழே வேத வசனம் அச்சிட்ட சர்ச் காலண்டர். என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு முன்பே ரோசம்மாள் சொல்ல ஆரம்பித்தாள். நெல்லூர்ப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டுச் சீட்டிலேயே படுத்தாராம். கிளீனர் டீ வாங்கிக்கொண்டு வந்து எழுப்பினான், எழவில்லை. கொரோனா முடிந்த வருஷம். ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்க ரெண்டு நாளாயிற்று. சொல்லிக்கொண்டே பூண்டு உரித்தாள். குரல் ஓரிடத்திலும் உடையவில்லை. பலருக்குச் சொல்லிப் பழகிய குரல்.

"லாரிக்குத் திரும்பிப் போவமாட்டேன்னு சொல்லித்தாங்க என்னைக் கட்டினாரு. கடைய மூடினப்புறம் வேற வழி இல்ல. மாசத்துக்கு ரெண்டு நாளு வூட்ல இருப்பாரு. அந்த ரெண்டு நாளும் தூங்குவாரு. எழுந்தா, என் மூஞ்ச நேரா பாத்து பேச மாட்டாரு. எங்கப்பா மனைய வித்தது அவருக்கு அவ்ளோ பேஜாரு. நான் ஒரு நாளு கூட சொல்லிக் காட்டலீங்க. சொல்லி இருந்தா சண்ட போட்டு முடிச்சிருப்பம் போல."

சுபத்ரா ஒரு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"போன தடவ வந்த உங்க பொண்ணு ஒண்ணு கேட்டுச்சி," என்றாள் ரோசம்மாள். "கடை போனப்புறம் வருமானம் கொறஞ்சிச்சா, ஏறிச்சான்னு. ஏறித்தான் இருக்குதுன்னேன். பொய் சொல்லக் கூடாதில்ல. மூணு பேரும் வேலைக்குப் போனோம். வனிதா காலேஜ் ஒரு வருஷத்தோட நின்னுடுச்சி, அதுவும் கம்பெனிக்கு வந்துச்சி. விடியக்காத்தால பஸ் ஏறினா இருட்டுனப்புறம் எறங்குவோம். எப்பிடி சமாளிச்சீங்கன்னு கேட்டுச்சி. எப்பிடியோ அட்ஜஸ்ட் பண்ணிகினோம்னேன். அதையும் எழுதிகிச்சி."

சந்து வழியாக ஒருவர் சைக்கிளில் பாவு நூல் கட்டுகளை வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். சுபத்ரா அவர் போகும்வரை காத்திருந்தாள்.

"யோவான் என்னைக் கேட்டாராம். போன தடவை பசங்க வந்தப்ப. அப்பவே நான் வந்திருக்கணும்."

"ஆமாங்க, உங்களப் பாக்கணும்னு சொல்லிகினே இருந்தாரு. உங்க மேல வருத்தம்லாம் ஒண்ணும் இல்லீங்க. அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது பாவம், நாமதான் போய் தர்மசங்கடத்துல விட்டுட்டம்னு சொல்வாரு. அதத்தான் உங்களாண்ட சொல்லணும்னு இருந்தாரோ இன்னாவோ."

செத்துப்போன ஒருவர் தன்னைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொண்டே போயிருக்கிறார். இப்படியே விட்டுவிடலாம். எழுந்து, படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, காருக்குப் போய்விடலாம். முன்பொரு முறை செய்ததைப் போலவே.

"தெரியும், ரோசம்மா," என்றாள். "அன்னிக்கே எனக்குத் தெரியும். ரோடு எங்க வருதுன்னு வரைபடத்தைப் பார்த்துட்டுத்தான் வந்திருந்தேன்."

ரோசம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. உரித்த பூண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். தோல்களை வாயால் ஊதித் தள்ளினாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியுங்க," என்றாள். "உங்க மூஞ்ச பாத்துகினுதான நின்னேன். ராத்திரி அவராண்ட சொன்னேன், அந்தம்மா மூஞ்சி சரி இல்ல, இந்த எடம் நமக்கு வாணாம்னு. அவரு கேக்கல. 'தப்பா இருந்தா சொல்லி இருப்பாங்க. நம்ம கையால சாப்ட்டவங்க, சொல்லாம போவாங்களா'ன்னாரு." இன்னொரு பூண்டை எடுத்தாள். "அதுக்கு மேல நான் பேசல. பேசி இருக்கணும். அது என் தப்பு."

அந்தத் தப்பையும் ரோசம்மாள் தன் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டதுதான் சுபத்ராவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. மன்னிப்பு என்ற சொல்லை மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். அதைக் கேட்டால் இந்த அம்மாள் உடனே கொடுத்துவிடுவாள், காபி கொடுப்பதைப் போல. அது தெரிந்ததால் கேட்கவில்லை. இரண்டு பேரும் மிச்சமிருந்த பூண்டை உரித்து முடித்தார்கள்.

சாயங்காலம் ரோசம்மாள் குருமாத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வனிதா கம்பெனி வேலையை விட்டுவிட்டு, செய்யாறு ரோடு பைபாஸில் சேரும் இடத்தில் டிபன் கடை போட்டிருக்கிறாளாம். ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சுபத்ரா அவளைக் காரில் ஏற்றிக்கொண்டாள். ரோசம்மாள் தூக்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சீட்டின் நுனியில் உட்கார்ந்து வந்தாள்.

நாலு கம்பம் நட்டு நீலத் தார்ப்பாய் கட்டிய கடை. வனிதா அடுப்புக்கு எதிரே நின்று சப்பாத்தி மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். யோவானின் அகன்ற நெற்றி அப்படியே இருந்தது. "வாங்க மேடம்" என்று சிரித்தாள், கை நிற்கவில்லை. கம்பெனி பஸ்களெல்லாம் பெண்களைக் கொண்டுவந்து இந்த முனையில்தான் இறக்கிவிடுகின்றன என்றாள். நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு வீட்டில் போய் அடுப்பு மூட்டத் தெம்பு இருக்காது; அவளுக்கும் இருந்ததில்லை. சப்பாத்தி, குருமா, இட்லி எல்லாம் பார்சல்தான். உட்கார்ந்து சாப்பிட யாருக்கும் நேரமில்லை. பக்கத்து இடத்தையும் பேசி முடித்துவிட்டாள். தை பிறந்ததும் சிமென்ட் ஷீட் போட்டுப் பெரிதாக்கப் போகிறாள்.

சுபத்ரா கேட்டுக்கொண்டே நின்றாள். இடம் நன்றாகத்தான் இருந்தது. போன மாதம் சென்னையில் நடந்த ஒரு கூட்டம் ஞாபகம் வந்தது. பஸ்களுக்கு ஆகும் செலவு கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே பெண்களுக்கு ஹாஸ்டல் கட்டும் திட்டம் திரையில் ஓடியது. ஆலோசகர் என்று அவளையும் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். வெளியே போகக் கூடாத விவரம் என்று கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள்.

"வனிதா, ஒரு விஷயம் சொல்லணும்," என்றாள். குரல் தேவைக்கு மேல் உரத்திருந்தது அவளுக்கே தெரிந்தது. "கம்பெனிகள் ஹாஸ்டல் கட்டப் போறாங்க. நான் இருந்த கூட்டத்துலயே பேசினாங்க. பொண்ணுங்க அங்கயே தங்கிட்டா இந்த பஸ்ஸெல்லாம் பாதிக்கு மேல நின்னுடும். ரெண்டு மூணு வருஷத்துல ஆயிடலாம். நீ இந்த இடத்துல பெருசா எதுவும் போடாதம்மா. இப்படியே வெச்சு நடத்து, போதும்."

வனிதா கல்லில் கிடந்த சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள். அது உப்பி எழுந்து அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பிடிங்களா," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். "நான் சேந்த புதுசுலயே ஹாஸ்டலு வருது, ஹாஸ்டலு வருதுன்னு சொல்லிகினுதான் இருந்தாங்க. வந்தா அப்போ பாத்துக்கலாங்க." பிறகு அம்மாவைப் பார்த்து, "பஸ் வந்துடும், ஜல்தி தூக்கைத் தொற," என்றாள்.

சுபத்ரா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். திட்டம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, யார் யார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதையெல்லாம் சொன்னால் இந்தப் பெண்ணுக்குப் புரியும் என்று தோன்றியது. ரோசம்மாள் அவள் முழங்கையை மெல்லத் தொட்டாள். தொட்டுத் தார்ப்பாயின் ஓரத்துக்கு அழைத்து வந்தாள்.

"அவ கேக்கலீங்களே மேடம்," என்றாள். கோபமில்லாமல், ஒரு குழந்தைக்கு எடுத்துச் சொல்வதைப் போலச் சொன்னாள். "அவ யாரையும் எதுவும் கேக்கறதில்லீங்க. அவங்கப்பா இருந்தப்பவே அப்பிடி ஆயிடுச்சி."

சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போய் இட்லியை இலையில் வைத்துக் கட்ட ஆரம்பித்தாள். சுபத்ரா அங்கேயே நின்றாள். தான் சொன்னது நடக்குமா என்று இப்போது அவளுக்கே நிச்சயமில்லை. நடக்காமல் போக வேண்டும் என்று தன் ஆயுளில் முதல் தடவையாக ஒரு கணிப்பைப் பற்றி ஆசைப்பட்டாள். டிரைவர் காருக்குப் பக்கத்தில் நின்று மணியைப் பார்த்தார். அவள் கவனிக்கவில்லை.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. செய்யாறு பக்கமிருந்து முதல் பஸ் வந்து நின்றது, அதை ஒட்டி இரண்டாவது. நீலச் சட்டை போட்ட பெண்கள் இறங்கினார்கள். சிலர் கடைக்கு வந்தார்கள். பார்சல் வாங்கியவர்களும் சேர்ந்து சிலர் பைபாஸைக் கடந்து அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகக் கூடினார்கள். பஸ்ஸுக்குள் இன்னும் ஒருத்தி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்க, வெளியே நின்றவர்கள் கண்ணாடியைத் தட்டி எழுப்பினார்கள். அவள் இறங்கி வந்து சேரும்வரை எல்லோரும் சாலையோரத்தில் காத்திருந்தார்கள். லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. பிறகு முன்னால் நின்றவள் பார்சல் பையை இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு அந்தக் கையைத் தூக்கினாள். வரும் வண்டியைப் பார்க்காமலே சாலையில் காலை வைத்தாள். மற்றவர்களும் அவள் பின்னால் இறங்கினார்கள். ஒரு லாரி பிரேக் போட்டு முனகி நின்றது, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. அத்தனை விளக்குகளின் வெளிச்சமும் நடந்துபோகும் அவர்களுடைய கால்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது.